பந்தய விமானம் மோதிக்கொள்வது வானத்திலா, ஓடுபாதையிலா?

#1 அகிலன்_மதுரை

விமானப் பந்தயம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோவில் 2011இல் நடந்த விபத்தைத்தான் சொல்வார்கள். 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங் விமானம் பார்வையாளர்கள் இருந்த இடத்தில் விழுந்து, விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்த சம்பவம். அதைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. நான் கேட்க வந்தது வேறு.

2016 செப்டம்பரில் அதே ரீனோவில், ஃபார்முலா ஒன் (கார் அல்ல, சின்னப் பந்தய விமானங்களின் வகுப்பு) கோல்டு பந்தயம், அதாவது இறுதிப் பந்தயம், தொடங்கும்போது நடந்த மோதல். தாம் ரிச்சர்ட் என்ற விமானி ஓடுபாதையில் வரிசையில் நிற்கிறார். இன்ஜினில் கோளாறு. அணைத்துவிட்டு, மேல்மூடியைத் திறந்து கையை உயர்த்தி ஆட்டுகிறார். அதற்குள் கொடி இறங்கிவிடுகிறது. பின்னால் இருந்து புறப்பட்ட விமானம் ஒன்று அவர் மேலேயே மோதிவிட்டுப் போகிறது. கையில் பலத்த காயம், உயிர் பிழைத்தார். அவர் விமானத்தில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான். பட்டப்பகல், தெளிந்த வானம், நேரான ஓடுபாதை, எதிரே ஒரு விமானம் நிற்கிறது. பின்னால் வருகிறவருக்குத் தெரியாதா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#2 வால்சக்கரம்

தெரியாது அகிலன். நிஜமாகவே தெரியாது.

ஃபார்முலா ஒன் விமானங்கள் மிகச் சின்னவை. விதிப்படி எல்லாவற்றிலும் ஒரே வகை இன்ஜின்: கான்டினென்டல் ஓ-200, நூறு குதிரைத்திறன். சின்னப் பயிற்சி விமானமான செஸ்னா 150இல் இருக்கும் அதே இன்ஜின்தான். இந்தச் சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் விமானம் ஊசிபோல ஒல்லியாக இருக்க வேண்டும். விமானி கிட்டத்தட்ட படுத்த நிலையில் இருப்பார். மூடியின் உயரம் அவர் தலைக்கு மேல் சில விரல்கடைதான்.

பெரும்பாலானவை வால்சக்கர வகை. தரையில் நிற்கும்போது வால் கீழே, மூக்கு மேலே. விமானி நேராகப் பார்த்தால் தெரிவது இன்ஜின் மூடியும் அதற்கு மேல் வானமும்தான். ஓடுபாதையின் இரண்டு ஓரங்களையும் ஓரக்கண்ணால் பார்த்து, இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று கணித்துத்தான் நேராக ஓட்டுவார்கள். நான் இங்கே அரிசோனாவில் வால்சக்கர விமானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் மிரள்வது இதைப் பார்த்துத்தான். "சார், முன்னாடி ஒண்ணுமே தெரியலையே" என்பார்கள். தெரியாது, பழகிக்கொள் என்பதுதான் பதில். தரையில் மெதுவாக ஊர்ந்து (டாக்ஸி) போகும்போது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பந்தயத் தொடக்கத்தில் அதற்கு இடமில்லை.

வேகம் கூடி வால் தானாக மேலே எழும்பின பிறகுதான் முன்பக்கம் கண்ணில் படும். அதுவரைக்கும் நம்பிக்கைதான்: முன்னால் நின்றவர் போயிருப்பார் என்ற நம்பிக்கை.

#3 சோழவரம்_சேகர்

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கார்ப் பந்தயம். 1982 ஜூன் 13, மாண்ட்ரியல், கனடா கிராண்ட் பிரி. முதலிடத்தில் நின்ற டிடியர் பிரோனியின் ஃபெராரி அப்படியே அணைந்துவிட்டது. அவரும் கையைத் தூக்கினார். விளக்கு மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எப்படியோ வளைந்து தப்பித்துப் போனார்கள். கடைசி வரிசைகளில் இருந்து வந்த ரிக்கார்டோ பலேட்டிக்கு முன்னால் போன கார்கள் மறைப்பு. அவை விலகினதும் எதிரே நிற்கிற ஃபெராரி. மணிக்கு 160க்கு மேல் வேகம். அந்த இத்தாலியப் பையனுக்கு 24 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அதே கை, அதே தாமதம். 34 வருஷம் கழித்து விமானத்தில். அங்கே பக்கத்தில் இருந்தவர்களாவது அவர் நிற்பதைப் பார்த்து விலக முடிந்தது. இங்கே வால்சக்கரம் சொல்கிற கணக்கில் அதுவும் இல்லை.

எங்கள் சோழவரமே பழைய போர்க்கால ஓடுபாதைதான், தெரியுமில்லையா. சின்ன வயதில் அங்கே பந்தயம் பார்க்கப் போனால் எல்லோரும் வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். அப்பா மட்டும் தொடங்கும் இடத்தில் வேலியோரம் நிற்கவே விடமாட்டார். ஏதாவது நடந்தால் அங்கேதான் நடக்கும் என்பார்.

#4 அகிலன்_மதுரை

நன்றி வால்சக்கரம், சேகர் அண்ணா. இன்னும் மூன்று சந்தேகம் இருக்கிறது. ஒன்று, ரேடியோவில் 'நான் நிற்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? இரண்டு, இன்ஜினை மறுபடி கிளப்பி ஓரமாகவாவது போக முடியாதா? மூன்று, பின்னால் வருகிறவர் கடைசி நேரத்தில் பார்த்தாலும் பிரேக் போடலாமே?

#5 வால்சக்கரம்

இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வகுப்பில் பல விமானங்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. எடை. உதவியாள் புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட்டு ஓடுபாதையை விட்டு விலகிவிடுவார். அதற்குப் பிறகு இன்ஜின் நின்றால் விமானிக்கு உள்ளே இருந்து செய்ய ஒன்றுமில்லை. நடு ஓடுபாதையில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு நெருக்கடி சூடு. காற்றைக் கிழிப்பதற்காக இன்ஜின் மூடியைச் சுருக்கிச் சுருக்கி வைத்திருப்பார்கள். 400 கிலோமீட்டர் வேகத்தில் போதுமான காற்று உள்ளே போகும். நின்ற இடத்தில் போகாது. எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்க, எட்டுப் பேரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு 'கொடியைக் காட்டுப்பா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். தொடக்கத்தைத் தள்ளிப்போட யாருக்குமே மனசு வராத ஏற்பாடு அது.

பிரேக்: வால்சக்கர விமானத்தில் வேகமாக ஓடும்போது பிரேக்கை அழுத்தினால் மூக்கு தரையில் குத்தும். திருப்பினால் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பக்கத்து வரிசையில் வருகிறவர் பாதையில் போய் விழும். பக்கத்திலும் ஆள் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

ரேடியோவைப் பற்றி ராகவன் சார் சொன்னால் நன்றாக இருக்கும். அவர் துறை.

#6 கோபுரம்_ராகவன்

வணக்கம். நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பந்தயம் நடத்திய அனுபவம் இல்லை, ஆனால் ஓடுபாதையில் நிற்கும் விமானத்தைப் பற்றி நிறையவே கவலைப்பட்டிருக்கிறேன்.

ரேடியோ ஒரு வழிப்பாதை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது இன்னொருவரும் அழுத்தினால் இரண்டும் கெட்டு ஒரு கீச்சொலிதான் கேட்கும். 1977இல் டெனரீஃபில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்களே, அங்கே கடைசி நேரத்தில் முக்கியமான செய்தி அப்படித்தான் அமுங்கிப்போனது. இன்ஜின் கோளாறாகிறவன் முதலில் கருவிகளைப் பார்ப்பான், கை எரிபொருள் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் பிடிக்குப் போகும், தீப்பொறி தரும் மேக்னெட்டோ சுவிட்சுக்குப் போகும். பேசுவது மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வரும். அதையும் கேட்டு, புரிந்து, கொடிக்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது?

நிற்கும் விமானம் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு உங்களுக்கு மிகச் சமீபத்திய உதாரணமே இருக்கிறது. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படையின் விமானம் ஓடுபாதையில் சுமார் 40 விநாடி நின்றுகொண்டிருந்தது. இறங்கி வந்த ஏர்பஸ் 350 விமானிகள் பார்க்கவில்லை. கோபுரத்தில் இருந்தவரும் பார்க்கவில்லை. அவருடைய திரையில் நிறம் மாறிக் காட்டுகிற எச்சரிக்கை வேறு இருந்தது. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் வெளியேறினார்கள், சின்ன விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். அது இரவு, இது பகல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பகலிலும் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பயிற்சி விமானம் இறங்கி, டயர் பஞ்சராகி ஓடுபாதையின் முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. வெள்ளை விமானம், வெயிலில் வெளுத்த கான்கிரீட். கீழே கானல் அலை. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தே தேடியும் கண் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போயிற்று. அசைகிற பொருளைத்தான் நம் கண் பிடிக்கும். அசையாததைப் பின்னணியோடு சேர்த்துவிடும்.

ஆகவே அகிலன் கேள்விக்கு என் பதில்: பின்னால் வருகிறவருக்குத் தெரியாதா என்று கேட்பதே சரியில்லை. கொடியைப் பிடித்திருப்பவருக்கு எல்லோரையும் தெரிந்ததா என்று கேளுங்கள்.

#7 ஜெட்_ஜெகன்

எல்லாம் சரி, ஆனால் இதற்கு விடை எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. ரெட் புல் ஏர் ரேஸ். ஒரு நேரத்தில் ஒரே விமானம் பாதையில், கடிகாரத்தோடு போட்டி. 2003இல் ஆரம்பித்து நடுவில் மூன்று வருஷம் நிறுத்தி 2019 வரை நடந்தது. பந்தயத்தில் ஒரு விமானிகூடச் சாகவில்லை. 2010இல் பெர்த்தில் பயிற்சியின்போது அடில்சன் கிண்டில்மன் ஆற்றில் விழுந்தார், அவரும் பிழைத்தார். எட்டு விமானத்தை ஒரே ஓடுபாதையில் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி ஒரே நேரத்தில் கிளப்புவது 1930களின் மூளை. அதை விட்டுத் தொலைக்காமல் கொடி, கை, ரேடியோ என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

#8 வால்சக்கரம்

ஜெகன், கடிகாரத்தோடு போட்டி போடுவது ஒரு விளையாட்டு, பக்கத்தில் இருப்பவனோடு போட்டி போடுவது வேறு விளையாட்டு. நூறு மீட்டர் ஓட்டத்தில் இடித்துக்கொள்கிறார்கள் என்பதற்காக ஒவ்வொருவராக ஓடச் சொல்வோமா? பைலனை (பந்தயப் பாதையைக் குறிக்கும் உயரமான கம்பம்) சுற்றி இரண்டு பேர் தோளோடு தோள் வருவதைப் பார்க்கத்தான் 1964இலிருந்து ஜனங்கள் நெவாடா பாலைவனத்துக்குப் போனார்கள்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதி எனக்குச் சம்மதம். 'தரையிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது' இந்த விளையாட்டுக்கு அவசியமே இல்லை. அதே ரீனோவில் அன்லிமிடெட், ஜெட், டி-6 வகுப்புகள் எல்லாம் தனித்தனியாகக் கிளம்பி, வானத்தில் ஒரு வழிகாட்டி விமானத்தின் பக்கத்தில் வரிசைகட்டி, அங்கிருந்துதான் பந்தயத்தைத் தொடங்கின. யாருக்காவது இன்ஜின் முரண்டு பிடித்தால் மேலே ஏறி விலகிவிடலாம், அவருக்குக் கீழே 1,000 அடி காற்று இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் தரைத்தொடக்கம் ஒரு மரபு. பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

#9 பொறியாளர்_நிலா

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் ஊகம், வரிசையின் உண்மையான இடைவெளி அல்ல. யாராவது சரியான அளவு வைத்திருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடுக்கம், அதாவது ஒவ்வொரு விநாடியும் கூடும் வேகம், விநாடிக்கு 2.5 மீட்டர் என்று வைப்போம். இந்த விமானங்களுக்கு அதுவே தாராளம். இவற்றின் புரொப்பல்லர் கோணம் மாற்ற முடியாதது, 400 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற மாதிரி செதுக்கியது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காற்றைச் சரியாகக் கடிக்காது. போதாததற்கு ரீனோ ஸ்டெட் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். மெல்லிய காற்று. ஓட்டம் நீளும்.

வால் எழும்ப மணிக்கு 54 கிலோமீட்டர் வேண்டும் என்று வைத்தால், 6 விநாடி, 45 மீட்டர். இதுவரை குருட்டு ஓட்டம். முன்னால் 100 மீட்டரில் ஒரு விமானம் நிற்கிறது என்றால், வால் எழும்பிய பிறகு மோதலுக்கு இருப்பது சுமார் 3 விநாடி. மோதும்போது வேகம் மணிக்கு 80.

எதிரே ஒரு விமானத்தைக் கண்டு, அது என்ன என்று உணர்ந்து, மோதப் போகிறோம் என்று புரிந்து, என்ன செய்வது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் அசைய மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் ஆலோசனைச் சுற்றறிக்கை சொல்கிறது. 12.5 தேவை, கையில் 3. இடைவெளியை 200 மீட்டர் ஆக்கினால்? வால் எழும்பிய பிறகு ஏறக்குறைய ஆறரை விநாடி கிடைக்கும், ஆனால் மோதும் வேகம் 110ஐத் தாண்டிவிடும். இடைவெளியைக் கூட்டுவது மட்டும் மருந்தில்லை.

#10 அகிலன்_மதுரை

நிலா, இந்த 3 விநாடிக் கணக்குக்குப் பிறகு மோதியவரைத் திட்ட வாய் வரவில்லை. காணொளிக்குக் கீழே ஆயிரம் பேர் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

#11 நெவாடா_முருகேசு

இழையின் தலைப்பு 'வானத்திலா ஓடுபாதையிலா' என்று இருப்பதால் 2023ஐயும் சேர்க்க வேண்டும். நான் இருப்பது ரீனோவுக்குப் பக்கம். அந்த வருஷம்தான் ஸ்டெட்டில் கடைசிப் பந்தயம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள், அதனால் கூட்டம் அதிகம். செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். டி-6 கோல்டு பந்தயம் முடிந்துவிட்டது. முடிந்து, வென்றவர்கள் யார் என்று தெரிந்து, எல்லோரும் இறங்க வந்துகொண்டிருக்கும்போது தரையிறங்கும் சுற்றில் நிக் மேசியின் 'சிக்ஸ் கேட்', கிறிஸ் ரஷிங்கின் 'பேரன்ஸ் ரிவெஞ்ச்' இரண்டும் மோதின. இரண்டு பேரும் இறந்தார்கள். இருவரும் அந்த வகுப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மிச்சப் பந்தயங்கள் ரத்து. கிட்டத்தட்ட 60 வருஷ ரீனோ கதை அப்படி முடிந்தது.

பந்தயத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே ஐம்பது அடி உயரத்தில் பைலனைச் சுற்றி, ஒருவர் வால் பக்கம் இன்னொருவர் என்று வந்தவர்கள்.

#12 வால்சக்கரம்

முருகேசு அண்ணா, டி-6 எனக்கு ஓரளவு தெரிந்த விமானம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அந்தக் குறிப்பிட்ட விபத்தில் யார் தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. பொதுவாக அந்த இடம் ஏன் ஆபத்து என்று மட்டும்.

டி-6 இரண்டாம் உலகப்போர் காலப் பயிற்சி விமானம். எல்லாவற்றிலும் ஒரே 600 குதிரைத்திறன் ரேடியல் இன்ஜின், மாற்றங்களுக்கு அனுமதி மிகக் குறைவு. அதனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பறக்கும். பந்தயம் சுவாரசியமாக இருப்பதற்கும் அதுதான் காரணம், ஆறேழு விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்க வந்து சேர்வதற்கும் அதுதான் காரணம்.

இறங்கும் சுற்றில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போய், ஒரு திருப்பம் திரும்பி, இன்னொரு திருப்பத்தில் ஓடுபாதைக்கு நேராக வருவோம். ஒருவர் இதை அகலமாக எடுத்து, அடுத்தவர் இறுக்கமாக எடுத்தால் இரண்டு பாதையும் கடைசித் திருப்பத்தில் ஒரே புள்ளியில் வந்து சேரும். டி-6இன் இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கிறது. திரும்பும்போது வெளிப்பக்க இறக்கை மேலே தூக்கி அந்தப் பக்கத்தை மறைக்கும், உள்பக்க இறக்கை கீழே இருப்பதை மறைக்கும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரிய மாட்டார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டு விமானங்கள் மோதுகிற பாதையில் இருந்தால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். நகராது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். ராகவன் சார் சொன்னாரே, அசைவதைத்தான் கண் பிடிக்கும் என்று. அதே விதி இங்கேயும். மோதாமல் போகப் போகிற விமானம் கண்ணாடியில் ஓடும், சட்டென்று தெரியும். மோதப் போகிறது மட்டும் கண்ணாடியில் ஒட்டின பூச்சி மாதிரி அப்படியே இருக்கும்.

அப்புறம் மனசு. பத்து நிமிஷம் திருப்பங்களில் உடம்பை நசுக்கும் ஜி அழுத்தம், வியர்வை, பல்லைக் கடித்த கவனம். கொடி விழுந்ததும் உடம்பு தளரும். பந்தயம் முடிந்தது என்று மூளை சொல்லும். பந்தயத்தில் 'அவன் எங்கே, அவன் எங்கே' என்று தேடிக்கொண்டே இருந்த கண், இப்போது ஓடுபாதையைத் தேடும்.

#13 ஜெட்_ஜெகன்

இதற்காகத்தானே ஏ.டி.எஸ்.பி. வந்திருக்கிறது? ஒவ்வொரு விமானமும் தன் இடத்தை ஒலிபரப்புகிறது, காக்பிட்டில் இருக்கிற டேப்லெட்டில் எல்லாம் தெரியும், பக்கத்தில் வந்தால் அலாரம் அடிக்கும். 2,000 டாலர் சமாச்சாரம்.

#14 கோபுரம்_ராகவன்

எட்டு விமானம் ஒரு சதுர மைலுக்குள் இருக்கும்போது அந்த அலாரம் எப்போது நிற்கும் என்று சொல்லுங்கள் தம்பி. பந்தயம் முழுக்க அடிக்கும், இறங்கும்போதும் அடிக்கும். எப்போதும் அடிக்கிற மணியை யாரும் கேட்பதில்லை. ஹனேடாவில் திரை நிறம் மாறியதைப் பார்க்காமல் விட்டதும் இந்த ரகம்தான். தவிர, கடைசித் திருப்பத்தில் விமானி குனிந்து டேப்லெட்டைப் பார்ப்பதை நான் விரும்ப மாட்டேன்.

நிகழ்நேரத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லி விலக்கிவிடலாம் என்ற நம்பிக்கைதான் பிரச்சினையின் வேர். 2022 நவம்பர் 12 டாலஸ் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் இல்லை, ஆனால் பாடம் அதேதான். கிங்கோப்ரா என்கிற போர் விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்த ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸ் குண்டுவீச்சு விமானத்தின் மேல் பக்கவாட்டில் மோதி 6 பேர் இறந்தார்கள். யார் எந்த உயரத்தில் என்று முன்கூட்டியே பிரித்துவைக்கவில்லை, கீழே இருந்து ஒருவர் ரேடியோவில் அவ்வப்போது சொல்லிச் சொல்லி நடத்தினார்கள் என்பதைத்தான் என்.டி.எஸ்.பி. என்கிற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முக்கியக் காரணமாகச் சொன்னது. இரண்டு விமானிகளும் அனுபவசாலிகள். பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று விட்டார்கள்.

தரையிறங்குவதற்கும் ஒழுங்கு வேண்டும். முடித்த வரிசைப்படி இத்தனை அடியில் இவர், அதற்கு மேல் 500 அடியில் அடுத்தவர், முன்னால் இருப்பவர் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர் இறங்கத் தொடங்க வேண்டும் என்று தரையிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் கூடுதலாகும். யாருக்கு என்ன நஷ்டம்?

#15 நெவாடா_முருகேசு

நஷ்டம் இருக்கிறது சார். யாராவது ரேடியோவில் 'மேடே' (ஆபத்து, உதவி வேண்டும்) சொன்னால் எல்லாம் மாறிவிடும். பந்தயத்தில் இன்ஜினை அதன் எல்லை வரை முறுக்கி ஓட்டுகிறார்கள், கோளாறு சகஜம். மேடே சொன்னவர் வேகத்தை உயரமாக மாற்றி மேலே ஏறுவார், பிறகு இருக்கிற ஓடுபாதைகளில் எது கைக்கு எட்டுகிறதோ அதில் வந்து இறங்குவார். எந்தத் திசையிலிருந்து வருவார் என்று யாருக்கும் தெரியாது. அப்போது உங்கள் 500 அடி அடுக்குக்கு நடுவே ஒருவர் இன்ஜின் இல்லாமல் வந்து விழுவார்.

#16 கோபுரம்_ராகவன்

அதற்கும் இடம் விட்டுத்தான் அடுக்க வேண்டும். மேடே வந்தால் மற்றவர்கள் ஏற வேண்டிய உயரமும் திசையும் காலைக் கூட்டத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது அடுக்குக்கு எதிரான வாதம் இல்லை, நல்ல அடுக்குக்கான வாதம்.

#17 பொறியாளர்_நிலா

எல்லோரும் 'பந்தயம் பத்திரம், தொடக்கமும் முடிவும்தான் ஆபத்து' என்ற பக்கமே சாய்கிறீர்கள். எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2007 ரீனோவில் நான்கே நாட்களில் மூன்று விமானிகள் இறந்தார்கள். அதில் மூன்றாவது, செப்டம்பர் 14, ஃபார்முலா ஒன் வகுப்பில் இரண்டு விமானங்கள் மோதியது. அந்த வகுப்பில் பல முறை வென்ற கேரி ஹப்ளர் போனார், மற்றவர் தப்பித்தார். 2022இல் ஜெட் கோல்டு பந்தயத்தின் நடுவே ஏரன் ஹோக்கின் எல்-29 விழுந்தது, அது மோதல் இல்லை என்றாலும். வானத்துக்கு இவ்வளவு சுலபமாக நற்சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

வித்தியாசம் எங்கே என்றால், பைலனைச் சுற்றும்போது விதி கறாராக இருக்கிறது. முந்துகிறவர்தான் முன்னால் இருப்பவரைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும், பார்வை தப்பினால் விலக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஜூனில் தனிப் பயிற்சி முகாம் வைத்து இதையேதான் மண்டையில் ஏற்றுகிறார்கள். அதே கறார் ஓடுபாதையில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

#18 சோழவரம்_சேகர்

இந்தியாவிலும் நடந்திருக்கிறதே, 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழு ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். அதைப் பற்றியும் யாராவது எழுதுங்களேன்.

#19 மட்டுறுத்துநர்

சேகர் சார், அது கண்காட்சி வரிசைப் பறப்பு, இலக்கணமே வேறு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முகப்பில் ஒட்டிவைக்கிறேன். மற்றவர்களுக்கு: 2023 விபத்தின் காணொளிச் சுட்டிகளை இங்கே போட வேண்டாம். நேற்று இரண்டை நீக்கினேன்.

#20 அகிலன்_மதுரை

2016க்கே திரும்பி வருகிறேன். ராகவன் சார், கொடிக்காரரைக் கேளுங்கள் என்றீர்களே. ஒரே ஆள் எட்டு விமானத்தை எப்படிப் பார்ப்பார்? அவர் முன்னால் நிற்கிறார் என்றால் பின் வரிசை அவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறார் என்றால் அந்தப் பக்கத்து விமானம் தெரியாது. நீங்கள் நடத்தினால் என்ன செய்வீர்கள்?

#21 கோபுரம்_ராகவன்

ஒரே ஆளிடம் விடமாட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஓடுபாதை ஓரத்தில் ஒருவர், அந்த வரிசையை மட்டும் பார்க்க. அவர் கையில் ஒரு கொடி, எப்போதும் மேலே பிடித்தபடி. தன் வரிசையில் எல்லோருடைய புரொப்பல்லரும் சுற்றுகிறது, எல்லோருடைய மூடியும் சாத்தியிருக்கிறது என்றால்தான் கீழே இறக்க வேண்டும். எல்லா வரிசைக் கொடியும் இறங்கிய பிறகே தொடக்கக் கொடி அசைய வேண்டும். அதாவது தயக்கம் இருந்தால் பந்தயம் தானாக நிற்க வேண்டும், நிறுத்துவதற்கு யாரும் ஓடிவர வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ரிச்சர்ட் மாதிரி மூடியைத் திறந்தவர் தானாகவே பந்தயத்தை நிறுத்திவிட்டவர் ஆகிவிடுவார். அவர் கை ஆட்ட வேண்டியதே இல்லை.

வால்சக்கரம் சொன்ன சூட்டுப் பிரச்சினைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு தடவை நிறுத்தினால் எல்லோரும் இன்ஜினை அணைத்து, ஆற வைத்து, முதலிலிருந்து தொடங்கலாம் என்று விதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் நிறுத்துகிறவரை மற்ற ஏழு பேரும் முறைக்க மாட்டார்கள்.

#22 வால்சக்கரம்

இதில் ஒன்று சேர்க்கிறேன் சார். கொடி இறங்கிய பிறகு நிற்கிறவருக்கும் ஒரு வழி வேண்டும். கொடி விழுந்து, ஒரு நொடி கழித்து இன்ஜின் இருமி நின்றால் உங்கள் வரிசைக் கொடி உதவாது. அதற்கு வரிசையை நேர்க்கோட்டில் அடுக்காமல், முன்னால் இருப்பவருக்கு நேர் பின்னால் யாருமே வராத மாதிரி பக்கவாட்டில் தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் தன் கோடு, கடைசி வரை அந்தக் கோட்டில் வேறு யாரும் இல்லை. எட்டு விமானத்துக்கு அகலம் போதாது என்றால் ஐந்து விமானத்தோடு நடத்துங்கள். ஆறாவது விமானத்துக்கு இடம் வேண்டும் என்று கேட்பவர் வந்து என் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து முன்னால் என்ன தெரிகிறது என்று சொல்லட்டும்.

#23 ஜெட்_ஜெகன்

ஐந்து விமானம், பிறகு மூன்று, பிறகு ஒன்று. மெல்ல ரெட் புல் பக்கம்தான் வருகிறீர்கள் :)

#24 வால்சக்கரம்

வரமாட்டேன். ஐந்தையும் வானத்தில் வைத்துத் தொடங்கச் சொல்வேன். 2025இல் பந்தயம் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்கு மாறிவிட்டது. பழைய விமானப்படைத் தளம், ஓடுபாதை நல்ல அகலம். தரைத்தொடக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு கோடு போட்டுக் கொடுக்க இடம் இருக்கிறது.

#25 நெவாடா_முருகேசு

அகலம் இருக்கும் இடத்தில் இன்னும் மூன்று விமானத்தைச் சேர்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும், பாருங்கள். அடுத்த முறை ராஸ்வெல் போகிறவர்கள் யாராவது இருந்தால் தொடக்க வரிசையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நேர் பின்னால் ஆள் நிற்கிறாரா என்று நிலா அளந்து சொல்வார்.

#26 பொறியாளர்_நிலா

படத்தில் ஓடுபாதையின் இரண்டு ஓரமும் தெரியும்படி எடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் அளக்க முடியாது.